டெஸ்க்டாப் மென்பொருளுக்கு எந்த டேட்டாபேஸ்? – வாசகர் கேள்வி பதில்

கடைகளுக்கும் சிறு ஆலைகளுக்கும் தனியாக மென்பொருள் எழுதித் தருபவர்களின் கேள்விகள் இந்த இதழில். உரிமக் கட்டணம் இல்லாத, மூலநிரல் திறந்த டேட்டாபேஸ்களில் எதை எடுப்பது என்பதுதான் பலருடைய குழப்பம்.

கேள்வி: பட்டாசுக் கடைகளுக்கு சி ஷார்ப்பில் பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறேன். ஒரு கடைக்கு ஒரே சிஸ்டம்தான். இதுவரை எம்எஸ் அக்சஸ் ஃபைல் வைத்திருந்தேன். இனி போஸ்ட்கிரெஸுக்கு மாறிவிடு என்கிறார் நண்பர். மாறலாமா?
– வாசகர், சிவகாசி

பதில்: வேண்டாம். போஸ்ட்கிரெஸ் தனி சர்வராக ஓடும் டேட்டாபேஸ். ஒரே சிஸ்டத்தில் ஓடும் பில்லிங்குக்கு, மென்பொருளுக்குள்ளேயே ஓடும் எஸ்கியூலைட் தாராளம். தனியாக சர்வர் நிறுவ வேண்டாம், சர்வீஸ் நின்றுபோனதா என்று பார்க்க வேண்டாம், பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று கடைக்காரர் இரவில் கூப்பிட மாட்டார். மொத்த டேட்டாவும் ஒரே ஃபைல். அக்சஸில் உங்களைத் துரத்திய 2 ஜிபி வரம்பும் இதில் இல்லை. உரிமச் சிக்கலும் கிடையாது. எஸ்கியூலைட் முழுவதையும் யாரும் பயன்படுத்தும் பொதுச்சொத்தாகவே (பப்ளிக் டொமைன்) விட்டுவிட்டார்கள்.

ஆனால் அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினால் நான்கு இடங்களில் இடறும்.

முதலாவது, டேபிள்களுக்கு இடையிலான ஃபாரின் கீ கட்டுப்பாட்டை (ஒரு டேபிளின் வரி சுட்டும் வரி இன்னொரு டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியை) எஸ்கியூலைட் தானாகச் சரிபார்க்காது. ஒவ்வொரு கனெக்‌ஷன் திறந்ததும் 'பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்' என்ற அமைப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். சில டிரைவர்கள் இதைத் தாமே போட்டுவிடும். அதை நம்பாமல் ஒருமுறை மதிப்பைக் கேட்டுப் பாருங்கள், 1 என்று வர வேண்டும். இதைச் செய்யாத மென்பொருளில் வாடிக்கையாளரை அழித்த பிறகும் அவருடைய பில்கள் அநாதையாகக் கிடக்கும்.

இரண்டாவது, எண் போட வேண்டிய நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் எஸ்கியூலைட் ஏற்றுக்கொள்ளும். 2021இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து டேபிள் உருவாக்கும்போது கடைசியில் 'ஸ்ட்ரிக்ட்' என்று சேர்த்தால் இந்தத் தாராளம் நின்றுவிடும். புதிதாக எழுதுபவர்கள் எல்லா டேபிளுக்கும் இதைப் போட்டுவிடலாம்.

மூன்றாவது, பணம். எஸ்கியூலைட்டில் டெசிமல் என்று தனி வகை இல்லை. 'ரியல்' வகையில் ரூபாயைச் சேமித்தால் நூறு பில்லின் கூட்டுத்தொகையில் பைசா உதைக்கும். தொகையை பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள்: 1,249.50 ரூபாய் என்றால் 124950. எடையையும் கிராமில் முழு எண்ணாக வையுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் புள்ளி வைத்தால் போதும்.

நான்காவதுதான் அதிகம் பேரைக் குழப்புவது: ஃபைலை எங்கே வைப்பது? புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் வைக்கவே கூடாது. மேனிஃபெஸ்ட் (தனக்கு என்ன அனுமதி வேண்டும் என்று விண்டோஸிடம் சொல்லும் குறிப்பு) இல்லாத 32-பிட் மென்பொருள் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் பிழை காட்டாமல் அந்த ஃபைலின் நகலை ஒவ்வொரு பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். முதலாளி லாகினில் ஒரு கணக்கு, கணக்குப்பிள்ளை லாகினில் வேறொரு கணக்கு! புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் உங்கள் மென்பொருளின் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, இன்ஸ்டாலரிலேயே அந்த ஃபோல்டருக்கு எல்லாப் பயனர்களுக்கும் 'மாடிஃபை' அனுமதி கொடுத்துவிடுங்கள். அனுமதி கொடுக்காவிட்டால், ஒருவர் உருவாக்கிய ஃபைலை இன்னொரு லாகினில் படிக்க முடியும், எழுத முடியாது.

இன்னொன்று: அக்சஸிலிருந்து பழைய டேட்டாவை ஏற்றும்போது ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் சேர்த்தால் மணிக்கணக்கில் ஓடும். வட்டு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கில் நொடிக்குச் சில பத்து ட்ரான்சாக்‌ஷன்தான் முடியும், ஏனென்றால் ஒவ்வொன்றும் (முழுதாகப் பதியும் அல்லது மொத்தமாக ரத்தாகும் ஒரு தொகுதி வேலை) டிஸ்கில் பதிந்த பிறகே அடுத்தது தொடங்கும். பத்தாயிரம் வரிகளை ஒரே ட்ரான்சாக்‌ஷனுக்குள் போட்டுப் பாருங்கள். டீ வருவதற்குள் முடிந்துவிடும்.

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றுக்கு எஸ்கியூலைட் வைத்து ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். நன்றாக ஓடியது. பிறகு மூன்று சிஸ்டம் ஆக்கினார்கள். ஃபைலை ஒரு சிஸ்டத்தில் வைத்து, அந்த ஃபோல்டரை ஷேர் செய்து, மற்ற இரண்டிலிருந்தும் திறக்கிறோம். 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று அடிக்கடி வருகிறது. போன வாரம் 'டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு' என்று வந்து ஃபைலே திறக்கவில்லை. வால் முறைக்கு மாற்றினால் சரியாகும் என்று படித்தேன். உண்மையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: மாற்றாதீர்கள், இன்னும் மோசமாகும். வால் (டபிள்யூஏஎல்) என்பது மாற்றங்களை முதலில் '-வால்' என்ற தனி ஃபைலில் எழுதிவைக்கும் முறை. முதலில் ஷேரிங்கை நிறுத்துங்கள்.

எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். யார் எழுதுகிறார் என்பதை அது ஃபைலின் மேல் போடும் பூட்டை வைத்துத்தான் அறிகிறது. ஒரே சிஸ்டத்துக்குள் அந்தப் பூட்டு நம்பகமானது. நெட்வொர்க் ஃபோல்டரில் அப்படி இல்லை. வேகத்துக்காக விண்டோஸ் ஃபைலின் பகுதிகளைத் தன் பக்கமே நினைவில் வைத்துக்கொள்ளும், பூட்டு விழுந்த செய்தியும் தாமதமாகவோ தவறாகவோ போகலாம். இரண்டு பேருக்கும் 'நாம் மட்டும்தான் எழுதுகிறோம்' என்ற எண்ணம் வந்துவிட்டால் ஃபைல் கெட்டது. வால் முறையில் '-எஸ்ஹெச்எம்' என்று முடியும் இன்னொரு ஃபைல் உண்டு. அது எல்லா புரோகிராம்களும் ஒரே சிஸ்டத்தின் மெமரியைப் பகிர்ந்துகொள்வதற்கானது. வேறு வேறு சிஸ்டங்கள் மெமரியைப் பகிர முடியாது என்பதால் நெட்வொர்க்கில் வால் முறை வேலை செய்யாது என்று எஸ்கியூலைட்டை எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

(ஒரே சிஸ்டத்தில் இரண்டு விண்டோ திறந்து லாக் பிழை வருபவர்களுக்கு மட்டும்: வால் முறையையும் 'பிஸி_டைம்அவுட் = 5000' என்பதையும் போடுங்கள். வால் ஒருமுறை போட்டால் ஃபைலிலேயே தங்கிவிடும். டைம்அவுட்டை ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் போட வேண்டும்.)

கெட்ட ஃபைலுக்கு: முதலில் அதன் நகலையும், கூடவே இருக்கும் '-வால்', '-ஜர்னல்' ஃபைல்களின் நகலையும் ஒன்றாக எடுத்து வையுங்கள். எஸ்கியூலைட்டின் கட்டளைக் கருவியில் '.ரெகவர்' கொடுத்தால் மீட்க முடிந்ததை எஸ்கியூஎல் வரிகளாகக் கொட்டும். அதைப் புதிய ஃபைலில் ஏற்றி, 'பிராக்மா இன்டெக்ரிட்டி_செக்' ஓட்டி 'ஓகே' வருகிறதா பாருங்கள். 'ஓகே' வந்தாலும் கடைசி நாள் ஸ்டாக் பதிவுகளைச் சீட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஃபைலின் கட்டமைப்பு சரி என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்லும், வரி எதுவும் தொலையவில்லை என்று சொல்லாது.

இனி மூன்று சிஸ்டத்துக்கும் ஒரு சர்வர் டேட்டாபேஸ் வேண்டும். விண்டோஸ் 64-பிட், 8 ஜிபி ரேம் என்றால் போஸ்ட்கிரெஸ். கம்பெனியில் இருப்பது பழைய 32-பிட் விண்டோஸ் என்றால் ஃபயர்பேர்ட் (இன்னொரு இலவச டேட்டாபேஸ், அடுத்த கேள்வியில் பார்க்கலாம்). போஸ்ட்கிரெஸ் 11 முதல் 32-பிட் விண்டோஸுக்கான இன்ஸ்டாலர் வருவதில்லை.

போஸ்ட்கிரெஸ் போடும் வழி. சர்வர் சிஸ்டத்துக்கு நிலையான ஐபி கொடுங்கள், உதாரணமாக 192.168.1.10. பவர் ஆப்ஷனில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் கனெக்‌ஷன் அறுகிறது என்று வரும் புகார்களில் பாதி இதுதான். நிறுவியதும் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃப்' ஃபைலில் 'லிசன்_அட்ரஸஸ்' வரியைப் பாருங்கள். 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இருந்தால் வெளியிலிருந்து யாரும் வர முடியாது, நட்சத்திரக் குறியாக மாற்றுங்கள். அடுத்து, யார் எங்கிருந்து உள்ளே வரலாம் என்று சொல்லும் 'பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப்' ஃபைலின் கடைசியில் ஒரு வரி: வகை 'ஹோஸ்ட்', உங்கள் டேட்டாபேஸ் பெயர், உங்கள் மென்பொருளுக்கென உருவாக்கிய பயனர் பெயர், 192.168.1.0/24, கடைசியில் 'ஸ்க்ராம்-ஷா-256' (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறை). சர்வீஸை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் ஃபயர்வாலில் 5432 போர்ட்டைத் திறந்துவிடுங்கள், 'பிரைவேட்' நெட்வொர்க்குக்கு மட்டும். 'போஸ்ட்கிரெஸ்' என்ற தலைமைப் பயனரின் பாஸ்வேர்டை மென்பொருளுக்குள் எழுதி வைக்காதீர்கள்.

பிழைச் செய்தியே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடும். 'டைம்டு அவுட்' என்றால் ஃபயர்வால் அல்லது தவறான ஐபி. 'ரெஃப்யூஸ்டு' என்றால் சிஸ்டம் வரை போய்விட்டது, சர்வீஸ் ஓடவில்லை அல்லது 'லிசன்_அட்ரஸஸ்' தவறு. 'நோ பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் என்ட்ரி' என்றால் நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம். அந்த ஒரு வரியில்தான் பிழை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிடுவது நம் ஊர் வழக்கம். அப்படி அணைத்ததை மறுபடி போடுகிறவர் யாருமில்லை.

உங்கள் நிரலிலும் வேலை இருக்கிறது. பணத்துக்கு இங்கே 'நியூமரிக்(14,2)' வகை உண்டு, பைசா கணக்கு வேண்டாம். டேபிள் பெயர்களை மேற்கோள் இல்லாமல் எழுதினால் போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக மாற்றிக்கொள்ளும். பழைய டேட்டாவை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றும் கருவி பெரிய எழுத்தில் மேற்கோளோடு டேபிளை உருவாக்கியிருந்தால் 'அப்படி டேபிளே இல்லை' என்று அடம்பிடிக்கும். எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஃபயர்பேர்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா? லாசரஸில் எழுதுகிறேன். ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசக் காணோம்.
– வாசகர், மதுரை

பதில்: இருக்கிறது. 2000இல் போர்லாண்ட் நிறுவனம் திறந்துவிட்ட இன்டர்பேஸ் 6 டேட்டாபேஸின் மூலநிரலிலிருந்து கிளைத்தது, 5.0 பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது. இன்று ஃபயர்ஃபாக்ஸ் என்று அழைக்கப்படும் பிரவுசர் சில காலம் ஃபயர்பேர்ட் என்ற பெயரில் உலவி, இவர்களோடு தகராறாகி, 2004இல் பெயரை மாற்றிக்கொண்டது. பெயரை வென்றார்கள், புகழைப் பிரவுசர் கொண்டுபோய்விட்டது.

டெல்ஃபி, லாசரஸ் என்ற பாஸ்கல் மொழிக் கருவிகளில் எழுதுபவர்களுக்கு இது நல்ல தேர்வு. காரணம், ஃபயர்பேர்டின் ஒரே '.எஃப்டிபி' டேட்டா ஃபைலை ஒரே சிஸ்டம் உள்ள கடையில் சர்வர் இல்லாமல் எம்பெடட் முறையிலும், நான்கு சிஸ்டம் உள்ள கடையில் சர்வர் வழியாகவும் திறக்கலாம். கடை வளர்ந்தால் கனெக்‌ஷன் வரி மட்டும் மாறும், நிரல் மாறாது. நிறுவும் அளவும் சில பத்து எம்பிதான். போஸ்ட்கிரெஸ் சில நூறு எம்பி கேட்கும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஃபைல் இருக்கும் ஃபோல்டரை ஷேர் செய்யவே வேண்டாம்; கிளையன்ட் 3050 போர்ட் வழியாகத்தான் பேசும், ஃபைலைத் தொடாது. 'டேட்டாபேஸஸ்.கான்ஃப்' ஃபைலில் ஒரு புனைபெயர் கொடுத்துவிட்டால் கிளையன்டுக்குப் பாதைகூடத் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது, 2.5 வரையான பழைய பதிப்புகள் 'சிஸ்டிபிஏ', 'மாஸ்டர்கீ' என்ற பெயரும் பாஸ்வேர்டுமாக வந்தன, அது ஊரறிந்தது. எங்காவது இன்னும் அப்படி இருந்தால் உடனே மாற்றுங்கள். மூன்றாவது, காலையில் ஒரு கிரிட்டை (பட்டியல் திரையை) திறந்து மாலை வரை ட்ரான்சாக்‌ஷனை முடிக்காமல் வைப்பது. மாற்றப்பட்ட வரிகளின் பழைய பதிப்புகளை ஃபயர்பேர்ட் அந்த ட்ரான்சாக்‌ஷனுக்காகச் சுமந்துகொண்டே இருக்கும். மதியத்துக்கு மேல் மந்தமாகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். 'ஜிஸ்டாட் -ஹெச்' கொடுத்து, 'ஓல்டஸ்ட் ஆக்டிவ்' எண்ணுக்கும் 'நெக்ஸ்ட் ட்ரான்சாக்‌ஷன்' எண்ணுக்கும் இடைவெளி ஆயிரக்கணக்கில் விரிந்துகொண்டே போனால் உங்கள் நிரலில் எங்கோ 'கமிட்' விட்டுப்போயிருக்கிறது.

கேள்வி: மைஎஸ்கியூஎல் இலவசம்தானே? என் மென்பொருளை மூலநிரல் தராமல் விற்கிறேன். பிரச்சினை வருமா?
– வாசகர், சென்னை

பதில்: வரலாம். மைஎஸ்கியூஎல் ஜிபிஎல் உரிமத்தில் (அதோடு சேர்த்துத் தரும் மென்பொருளின் மூலநிரலையும் கேட்கும் உரிமம்) வருகிறது, அல்லது ஆரக்கிளிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆரக்கிள் தரும் இணைப்பு நிரல்களும் ஜிபிஎல்தான். அவற்றை மூடிய மென்பொருளோடு சேர்த்து சிடியில் போட்டு விற்பதுதான் சிக்கலான இடம். மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபி சர்வரும் ஜிபிஎல். ஆனால் அதன் சி மொழி இணைப்பு நூலகம் மூடிய மென்பொருளோடு இணைக்க விடும் எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. டாட்நெட்டில் எழுதுபவர்களுக்கு எம்ஐடி உரிமத்தில் 'மைஎஸ்கியூஎல்கனெக்டர்' என்ற தனி நூலகம் உண்டு. சர்வரை வாடிக்கையாளரே தனியாக இறக்கி நிறுவ, உங்கள் மென்பொருள் இத்தகைய இணைப்பு வழியாகப் பேசினால் பெரும்பாலும் தலைவலி இல்லை. போஸ்ட்கிரெஸின் உரிமம் பிஎஸ்டி போன்றது. உரிம அறிக்கையைக் கூடவே வைத்தால் போதும். ஃபயர்பேர்டில் நீங்கள் ஃபயர்பேர்டையே திருத்தினால்தான் அந்தத் திருத்தத்தை வெளியிட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் டெஸ்க்டாப் வேலைக்கு மைஎஸ்கியூஎல்லைத் தேடிப் போக எங்களுக்குக் காரணம் தெரியவில்லை. பெரிய ஒப்பந்தம் என்றால் உரிமப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: சீட்டுக் கணக்கு மென்பொருளில் உறுப்பினர் பெயர்கள் தமிழில். பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் கேட்டால் ஜெயந்தி முதலில், தமிழரசி அடுத்து என்று வருகிறது. தேடும்போது சில பெயர்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தும் கிடைப்பதில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்.

முதலில் வரிசை. நாம் வரிசை முறை எதுவும் சொல்லாதவரை டேட்டாபேஸ் பெரும்பாலும் யுனிகோட் எண் வரிசையில் அடுக்கும். அந்த அட்டவணையில் ச-வை அடுத்து ஜ இருக்கிறது, ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ல-வை அடுத்து ள, ழ, பிறகுதான் வ. அதனால் ஜெயந்தி, தமிழரசி, பழனி, பவானி என்று வரும். நமக்கு வேண்டியது தமிழரசி, பவானி, பழனி, ஜெயந்தி.

போஸ்ட்கிரெஸ் 10 முதல் ஐசியூ (பல மொழிகளின் அகர வரிசை விதிகள் அடங்கிய நூலகம்) வரிசை முறை உள்ளேயே இருக்கிறது. 'ஆர்டர் பை பெயர் கொலேட்' என்று எழுதி, இரட்டை மேற்கோளுக்குள் 'டிஏ-எக்ஸ்-ஐசியூ' கொடுங்கள். அல்லது டேபிள் உருவாக்கும்போதே அந்த நெடுவரிசைக்கு அதை வையுங்கள். இன்டெக்ஸும் அதே கொலேஷனில் (வரிசை விதியில்) இருந்தால்தான் பயன்படும். பதிப்பு உயர்த்திய பிறகு 'கொலேஷன் வெர்ஷன் மிஸ்மேட்ச்' எச்சரிக்கை வந்தால் அந்த இன்டெக்ஸ்களை 'ரீஇன்டெக்ஸ்' செய்யாமல் விடாதீர்கள். வரிசை விதி மாறியிருந்தால் இன்டெக்ஸ் பொய் சொல்லும். எஸ்கியூலைட்டில் இது உள்ளே இல்லை. உங்கள் நிரலிலிருந்து 'கிரியேட்கொலேஷன்' வழியாக ஒப்பிடும் ஃபங்ஷனைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு வில்லங்கம்: அந்தக் கொலேஷனில் இன்டெக்ஸ் போட்டுவிட்டால், அதே ஃபைலை வேறு கருவியில் திறந்து வரி சேர்க்கும்போது 'நோ சச் கொலேஷன் சீக்வென்ஸ்' என்று நின்றுவிடும். சில ஆயிரம் பெயர்கள்தான் என்றால் இன்டெக்ஸ் போடாமல் 'ஆர்டர் பை'யில் மட்டும் கொடுங்கள்.

இனி தேடல். 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: க-வோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது க-வோடு எகரக் குறியும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே, டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. கீபோர்டு மென்பொருள் மாறும்போதும், பழைய பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றும்போதும் இது நுழையும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் யுனிகோடின் என்எஃப்சி முறையில், அதாவது ஒரே எழுத்து எப்போதும் ஒரே வடிவில் இருக்கும்படி, சீராக்குங்கள். டாட்நெட்டில் 'நார்மலைஸ்' என்ற ஒரே அழைப்பு, போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதே பெயரில் ஃபங்ஷன் உண்டு. ஏற்கெனவே இருக்கும் வரிகளுக்கும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஒளவை, ஔவை குழப்பம் இதில் தீராது. அது தட்டச்சுப் பிழை, கையால்தான் திருத்த வேண்டும்.

நெடுவரிசை நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள். 'கிருஷ்ணமூர்த்தி' நம் கணக்கில் எட்டு எழுத்து, டேட்டாபேஸ் கணக்கில் பதினைந்து, யுடிஎஃப்-8 பைட் கணக்கில் நாற்பத்தைந்து. ஆங்கிலப் பெயருக்குப் போட்ட 'வார்கேர்(20)' தமிழுக்கு வராது, நூறு வையுங்கள்.

கேள்வி: பில் எண்ணுக்கு ஆட்டோ நம்பர் வைத்திருக்கிறேன். நடுவில் எண்கள் விட்டுப்போகின்றன, ஆடிட்டர் கேட்கிறார். போஸ்ட்கிரெஸில் சீக்வென்ஸ் கோளாறா?
– வாசகர், கரூர்

பதில்: கோளாறு இல்லை, அதன் இயல்பே அதுதான். ஒரு எண்ணைக் கொடுத்த பிறகு ட்ரான்சாக்‌ஷன் தோற்றாலும் சீக்வென்ஸ் எண்ணைத் திரும்ப வாங்காது. அப்படி வாங்கினால் எல்லோரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டிவரும். டேபிளின் உள் அடையாளத்துக்கு சீக்வென்ஸ் சரி. பில் எண்ணுக்குச் சரிவராது. மத்திய ஜிஎஸ்டி விதி 46, பில் எண் தொடர்ச்சியாகவும், நிதியாண்டுக்குள் திரும்ப வராததாகவும், 16 குறிகளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கிறது.

'பில்_எண்' என்று ஒரு சிறு டேபிள் போடுங்கள்: தொடர், நிதியாண்டு, கடைசி எண். சேமி பொத்தானை அழுத்தியதும் ட்ரான்சாக்‌ஷன் தொடங்கி, அந்த வரியில் 'அப்டேட்' செய்து கடைசி எண்ணை ஒன்று கூட்டி, 'ரிட்டர்னிங்' வழியாகப் புதிய எண்ணை வாங்கி, அதே ட்ரான்சாக்‌ஷனுக்குள் பில்லையும் அதன் வரிகளையும் சேர்த்து, 'கமிட்' செய்யுங்கள். பில் சேரவில்லை என்றால் எண்ணும் பழையபடி ஆகிவிடும். எஸ்கியூலைட்டில் 3.35 முதல் 'ரிட்டர்னிங்' உண்டு. அங்கே 'பிகின் இமீடியட்' என்று தொடங்குங்கள், இல்லாவிட்டால் பாதியில் லாக் பிழை வரலாம்.

இங்கே தவறு நடப்பது இரண்டு இடங்களில். பில் திரை திறக்கும்போதே எண்ணை எடுத்துக் காட்டிவிடுவது ஒன்று. வாடிக்கையாளர் வேண்டாம் என்று போய்விட்டால் எண் வீண். இன்னொன்று, ட்ரான்சாக்‌ஷன் முடியும் முன் பிரிண்ட் கொடுப்பது. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்து ஒரு மெசேஜ் பாக்ஸ் வந்து நின்றால், பக்கத்துக் கவுன்ட்டரும் அதே வரிக்காகக் காத்து நிற்கும். 'கமிட்' முடிந்த பிறகே பிரிண்ட்.

பதினாறு குறிகளை எண்ணிப் பாருங்கள். 'ஐஎன்வி/2025-26/000123' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் பதினெட்டு ஆகிவிடும். ஒரே எழுத்தும் சுருக்கிய ஆண்டுமாக 'ஏ/25-26/000123' என்றால் பதினான்கு. நிதியாண்டை பில் தேதியிலிருந்து கணக்கிடுங்கள், சிஸ்டம் தேதியிலிருந்து அல்ல. தொடர், ஆண்டு, எண் மூன்றும் சேர்ந்து 'யுனிக்' இன்டெக்ஸ் கட்டாயம். ரத்தான பில்லை அழிக்காதீர்கள், ரத்து என்று குறியிடுங்கள்.

வாடிக்கையாளர் கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனம் என்றால் இன்னொன்றும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் அவர்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது. ட்ரிகர் (மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் நிரல்) வைத்துத் தனி டேபிளில் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, பயனர், நேரம் எழுதுங்கள். மென்பொருளின் பயனருக்கு அந்த டேபிளில் 'டெலீட்', 'அப்டேட்' உரிமை கொடுக்காதீர்கள். ட்ரிகர் ஃபங்ஷனைத் தலைமைப் பயனர் பெயரில் 'செக்யூரிட்டி டிஃபைனர்' ஆக (அழைப்பவர் உரிமையில் அல்ல, அதன் உரிமையாளர் உரிமையில் ஓடும்படி) வைத்தால் எழுத மட்டும் முடியும். இந்த வேலைக்கு எஸ்கியூலைட் பொருந்தாது. அதில் பயனர் உரிமை என்பதே இல்லை.

கேள்வி: இருபது வருட ஃபாக்ஸ்ப்ரோ டேட்டாவை போஸ்ட்கிரெஸுக்கு மாற்ற வேண்டும். முன்பக்கம் விபி6 அப்படியே இருக்கும். ஓடிபிசி டிரைவர் நிறுவியும் விபி6 அதைக் காணவில்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விபி6 (விஷுவல் பேசிக் 6) 32-பிட். 64-பிட் ஓடிபிசி டிரைவரை (மென்பொருளை டேட்டாபேஸோடு பேச வைக்கும் இணைப்பை) நிறுவியிருப்பீர்கள். 32-பிட் டிரைவரை நிறுவி, 'சிஸ்வாவ்64' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஓடிபிசிஏடி32' மூலம் டிஎஸ்என் (டேட்டாபேஸ் இணைப்புக் குறிப்பு) உருவாக்குங்கள். ஆமாம், பெயரில் 64 உள்ள ஃபோல்டரில்தான் 32-பிட் கருவி இருக்கிறது, மைக்ரோசாஃப்டின் விளையாட்டு.

டேட்டாவில் எதிர்பார்க்க வேண்டியவை: அழித்ததாகக் குறியிட்ட வரிகள் ஃபாக்ஸ்ப்ரோவின் டிபிஎஃப் ஃபைலில் அப்படியே கிடக்கும், நகலெடுத்து வைத்துவிட்டு 'பேக்' (அவற்றை நிரந்தரமாக நீக்கும் கட்டளை) செய்த பிறகு ஏற்றுங்கள், இல்லையென்றால் செத்த கணக்கெல்லாம் எழுந்து வரும். வெற்றுத் தேதிகள் 1899-12-30 என்று வந்து சேரும். ஏற்றிய உடனே 'நல்' ஆக்குங்கள். எழுத்து நெடுவரிசைகளின் பின்னால் இடைவெளிகள் ஒட்டியிருக்கும், 'ட்ரிம்' செய்யாவிட்டால் குறியீடுகள் பொருந்தாது. ஹெச்எஸ்என் என்ற ஜிஎஸ்டி சரக்குக் குறியீட்டை எண்ணாக ஏற்றாதீர்கள். முன்னால் இருக்கும் பூஜ்யம் விழுந்துவிடும். தமிழ் பாமினியில் இருந்தால் விபி6 திரையில் அது தொடர்ந்து தெரியும். யுனிகோடாக மாற்றினால் விபி6-இன் சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸில் கேள்விக்குறிகளாகத்தான் வரும். ஆகவே முன்பக்கம் மாறும்வரை எழுத்துரு மாற்றத்தைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வாசிகசாலைப் புத்தகப் பட்டியலை லிப்ரே ஆஃபிஸ் பேஸில் வைத்திருக்கிறோம். மின்சாரம் நின்றபோது அன்று பதிந்தது முழுக்க இல்லாமல் போய்விட்டது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பேஸ் உருவாக்கும் '.ஓடிபி' ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். டேபிள்கள் அதற்குள்ளேயே இருந்தால், மூடும்போதுதான் ஒழுங்காக உள்ளே போய்ச் சேரும். பேஸைப் படிவங்களுக்கும் அறிக்கைகளுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, டேபிள்களை வெளியே கொண்டுபோங்கள். புதிய பேஸ் ஃபைல் உருவாக்கும்போது, ஏற்கெனவே உள்ள டேட்டாபேஸுடன் இணைக்கும் தெரிவை எடுத்து, போஸ்ட்கிரெஸையோ ஓடிபிசி வழியாக எஸ்கியூலைட்டையோ கொடுங்கள். ஒரே கணினி என்றால் எஸ்கியூலைட் போதும். பழைய டேபிள்களை இழுத்துப் புதிய ஃபைலில் விட்டால் நகலாகும். பிரைமரி கீ சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது இல்லாத டேபிளில் பேஸ் திருத்த விடாது.

கேள்வி: தினமும் பேக்கப் எடுக்க டாஸ்க் ஷெட்யூலரில் 'பிஜி_டம்ப்' வைத்தேன். கையால் ஓட்டினால் வருகிறது. இரவில் ஓடினால் பூஜ்யம் பைட் ஃபைல்.
– வாசகர், நாமக்கல்

பதில்: கையால் ஓட்டும்போது உங்கள் லாகின், இரவில் ஓடுவது வேறு லாகின். பாஸ்வேர்ட் வைத்த 'பிஜிபாஸ்.கான்ஃப்' ஃபைல் உங்கள் ஆப்டேட்டாவுக்குள் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்' ஃபோல்டரில் இருக்கிறது, ஷெட்யூலரின் பயனருக்கு அது தெரியாது. டாஸ்கை அதே பயனர் பெயரில் ஓட வையுங்கள், அல்லது 'பிஜிபாஸ்ஃபைல்' மாறியில் பாதையைக் கொடுங்கள். '-டபிள்யூ' என்பதைச் சிறிய எழுத்தில் சேர்த்தால், பாஸ்வேர்ட் கிடைக்காதபோது காத்து நிற்காமல் உடனே பிழையோடு வெளியேறும். பேட்ச் ஃபைலில் 'எரர்லெவல்' (கட்டளை முடிந்ததும் தரும் பிழை எண்) பூஜ்யம்தானா என்று பார்த்த பிறகே பழைய நகலை அழியுங்கள். பல இடங்களில் நல்ல நகலை அழித்துவிட்டுத்தான் வெற்று நகலை எழுதுகிறார்கள்.

'-எஃப்சி' வடிவத்தில் எடுங்கள், 'பிஜி_ரிஸ்டோர்' மூலம் ஒரு டேபிளை மட்டும்கூட மீட்கலாம். பயனர்களும் பாஸ்வேர்டுகளும் இதில் வராது. 'பிஜி_டம்ப்ஆல்' கட்டளையை 'குளோபல்ஸ்-ஒன்லி' தெரிவோடு தனியாக ஓட்டி வையுங்கள். சர்வரைவிடப் பழைய பதிப்பு 'பிஜி_டம்ப்' வேலை செய்ய மறுக்கும், ஆகவே பாதையில் எந்தப் பதிப்பு முதலில் வருகிறது என்று பாருங்கள்.

எஸ்கியூலைட் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து: மென்பொருள் திறந்திருக்கும்போது '.டிபி' ஃபைலை மட்டும் காப்பி எடுத்தால் '-வால்' ஃபைலில் இருக்கும் கடைசி பில்கள் வராது. 'வேக்யூம் இன்டு' என்று எழுதிப் புதிய ஃபைல் பெயரைக் கொடுங்கள். 2019இல் வந்த 3.27 முதல் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை கூகுள் டிரைவ் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள், அந்த நகலை மட்டும் அங்கே போடுங்கள். மாதம் ஒருமுறை நகலை வேறு பெயரில் மீட்டுத் திறந்து, கடைசி பில் எண்ணும் அன்றைய மொத்தமும் கடையில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.